பெற்ற கிருபையைக் கூலிக் கணக்கிலும் காட்டுவது எப்படி?

நற்கிரியை என்றவுடன் கொங்கு நாட்டுச் சபைகளில் பலருக்கும் நினைவுக்கு வருபவை, கிறிஸ்துமஸுக்கு முன் ஏழைகளுக்கு வழங்கப்படும் சேலையும் போர்வையும்தான். அவை நல்லவையே. ஆயினும் விசைத்தறிக் கூடங்களும் பனியன் கம்பெனிகளும் தென்னந்தோப்புகளும் மஞ்சள் காடுகளும் நிறைந்த இப்பகுதியில், நம்மில் பலர் சிறிதோ பெரிதோ இன்னொருவருக்கு வேலை கொடுப்பவர்களாக இருக்கிறோம். நம் விசுவாசம் உண்மையானதா என்பதை முதலில் அறிகிறவர்கள், நம்மிடம் கூலி வாங்குகிறவர்களே. ஆகவே அன்பின் செயல்களை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்கும் முன் வரிசையைச் சரியாக மனத்தில் கொள்ளுங்கள். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில், இரட்சிப்பு கிருபையினால் வரும் தேவனுடைய ஈவு என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே பத்தாம் வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுல் எழுதுகிறார். இந்த வரிசை மாறினால், செய்த உதவிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருப்போம். பெற்றவர் நன்றி சொல்லாவிட்டால் மனம் கசந்துபோகும். சம்பள நாளன்று கணக்கு நோட்டைத் திறக்கும் முன், தகுதியில்லாமல் நாம் பெற்றவற்றுக்காகச் சில நிமிடங்கள் நன்றி செலுத்துவது, அந்த நோட்டைப் பார்க்கும் பார்வையையே மாற்றிவிடும்.

அடுத்து, கூலியைத் தாமதிக்காதீர்கள். ஏழைக் கூலிக்காரனுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை; பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எச்சரிக்கிறார். வாரச் சம்பளம் சனிக்கிழமை என்றால், அது சனிக்கிழமையே கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆர்டர் பணம் வரவில்லை என்ற நம் நெருக்கடியை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டியவர் தலையில் ஏற்றக்கூடாது. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு காணிக்கைப் பையில் தாராளமாகப் போடுவதைத் தேவன் ஏற்பார் என்று நான் நம்பவில்லை.

இவற்றிலும் கடினமானது முன்பணம். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் குடும்பத்தின் திருமணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கியவர், அதை அடைக்கும்வரை வேறு தறிக்குப் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடப்பது பழைய வழக்கம். மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து என்னும் மாபெரும் கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஆக அது நூறு நாள் கூலி, அற்பத் தொகையன்று. மன்னிப்பு நமக்குச் சுலபமாக இருக்கும் என்று இயேசு சொல்லவில்லை என்பதை இதிலிருந்து உணர்கிறேன். உங்களிடம் முன்பணம் வாங்கியவர்கள் இருந்தால், ஒவ்வொருவரோடும் தனியாக அமர்ந்து பாக்கியை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வட்டி சேர்த்திருந்தால் நீக்குங்கள். வேறு இடத்துக்குப் போக விரும்பினால் தடையில்லை என்று கூறி, மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் நோயாளியுள்ள வீட்டின் கடனை முழுவதும் அடித்துவிட்டு, அதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விடப்பட்ட கடன், பிறகு பிள்ளைகளிடம் கேட்கப்படுவதுண்டு.

தோட்டத்திலும் பட்டறையிலும் எல்லாருக்கும் ஒரே வகை டம்ளரில் தேநீர் கொடுங்கள். நீங்களும் அவர்களோடு அமர்ந்து குடியுங்கள். சாதி பார்த்துப் பாத்திரம் பிரிக்கும் வீட்டார், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவது பெரும் முரண்பாடு. இதில் படிப்படியாக மாறலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்திருப்பவர்களைப் பொறுத்தவரை, அந்நியனைச் சுதேசியைப்போல எண்ணி உன்னைப்போல நேசி என்று லேவியராகமம் 19 சொல்வதே போதுமான வழிகாட்டி. காய்ச்சலில் படுத்தவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் சொல்வதை அவருக்குப் புரியவைத்து, இரவில் உடனிருக்க ஆள் ஏற்பாடு செய்வது, பண உதவியைவிடப் பலமுறை அவசியமாகிறது. 1830இல் கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் என்னும் மிஷனெரிச் சங்கம் பணியைத் தொடங்கிய காலம் முதல், திருச்சபைகள் நடத்திய பள்ளிகளும் மருத்துவமனைகளும் இப்பகுதிக்கு நெடுங்காலம் நன்மை செய்துவந்துள்ளன. ஆனால் அந்த நிறுவனங்கள் இருப்பதால் நம் தனிப்பட்ட கடமை தீர்ந்துவிடாது.

இவை எதையும் மேடையில் அறிவிக்கவோ படமெடுத்துப் பரப்பவோ வேண்டாம். உதவியைச் சபையில் சேர்வதற்கான விலையாகவும் வைக்காதீர்கள். விலை வைத்தால் அது கிருபையாகாது. கடன் நீக்கப்பட்டவர் ஞாயிறன்று ஆலயத்தின் பக்கமே வராவிட்டாலும், திங்கட்கிழமை அவருக்குரிய வேலையும் கூலியும் மரியாதையும் சற்றும் குறையாமல் இருக்க வேண்டும்.