கம்பளித் திமிங்கலத்தின் வால் ஒட்டாத கதை: என் அனுபவம்

மெல்பர்னில் எங்கள் கைவினைக் குழு மெரினோ ஆட்டின் கம்பளியில் ஒரு திமிங்கலம் செய்தது. பின்னல் இல்லை, கம்பளி இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்துத் துணிபோல இறுக்கும் ஃபெல்ட் முறை. ஆளுக்கொரு பாகம். பாதி இறுகிய பாகங்களின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் சேர்ந்துவிடும். எல்லாம் சேர்ந்தது, வால் மட்டும் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்தது. முள்ளுள்ள ஊசியால் குத்தி இழைகளைச் சிக்கவைத்துச் செய்த வால் என்பதால் உருவம் கச்சிதமாக நின்றது. கம்பளி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தண்ணீரை இன்னும் சூடாக்கினோம். சோப்பைக் கூட்டினோம். பபிள் ராப்பில் சுருட்டிக் கை வலிக்க உருட்டினோம். பல நாள் வீண்.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. வாளியில் விழுந்த மற்றத் துணுக்குகள் மிதந்தன, வாலின் துணுக்கு உடனே மூழ்கியது. அது சூப்பர்வாஷ் கம்பளி! மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி குளோரின் போட்டு, இழைமேல் மெல்லிய பிசின் பூசியிருப்பார்கள். இழையின் செதில்கள் மழுங்கிவிடுவதால் ஒன்றையொன்று பிடிக்காது, தண்ணீரையும் சட்டென உறிஞ்சும். சந்தேகமிருந்தால் அந்தக் கம்பளியில் சிறு உருண்டையை உள்ளங்கையில் சோப்போடு தேய்த்துப் பாருங்கள், இறுகவே இறுகாது.

வாலைத் தூக்கி எறிய மனமில்லை. இணைப்பின் இரு பக்கமும் சாதாரண மெரினோவைக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிசாகப் பரப்பி, ஊசியால் ஆழக் குத்தி, பிறகு நனைத்துத் தேய்த்தோம். அந்த இழைகள் வாலை ஊடுருவி மறுபக்கத்து இழைகளோடு பின்னிக்கொண்டன. இப்போது இழுத்தாலும் வரவில்லை, பெரிய நிம்மதி.