கிட்டாரில் விரல்மீட்டு: கட்டைவிரலை முதலில் பழக்குங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் வீணை பழகியவர்கள் கிட்டாரை எடுத்ததும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கீழ்நோக்கித்தான் மீட்டுவார்கள். வீணைக்கு அது சரி. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் வாசிக்கும் கிட்டாரில் கட்டைவிரல் மட்டுமே கீழ்நோக்கிப் போகும். மற்ற மூன்றும் உள்ளங்கையை நோக்கி மேலே வரும். வீணையில் தாளக் கம்பிகளை மீட்டும் சுண்டுவிரலுக்கு இங்கே வேலை இல்லை. தாளத்தைக் காக்கும் பொறுப்பு கட்டைவிரலுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் முதலில் அதைப் பழக்கச் சொல்கிறோம்.

மெல்லிய கம்பி 1, தடித்தது 6. கட்டைவிரலுக்கு 4, 5, 6, ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குச் சற்று முன்னால், ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டு) பக்கமாக நீண்டிருக்க வேண்டும். உள்ளே மடங்கினால் ஆள்காட்டியோடு மோதும். ஆரம்பத்தில் வரும் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல் வாரம் இடது கைக்கு ஓய்வு. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 அடியில் வைத்து, அடிக்கு ஒரு 'தகிட' சொல்லிக்கொண்டே வெறும் கம்பிகளில் 6-3-2, 1-2-3 என்று மீட்டுங்கள். வாய் சொல்வதும் விரல் போவதும் ஒன்றாக இருக்கட்டும். தினம் 15 நிமிடம் போதும். கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'சட்' என்று அறைந்தால், விரல் அதைக் கொக்கி போட்டு வெளியே இழுக்கிறது என்று அர்த்தம். விரல் நுனியால் லேசாக அழுத்தி, உள்ளங்கைப் பக்கம் விடுங்கள்.

அடுத்து கார்டு, அதாவது இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு. ஏ மைனருக்கும் சி-க்கும் கட்டைவிரல் 5-இல் தொடங்கும், ஈ மைனர், ஜி-க்கு 6, டி-க்கு 4. வலது கையின் மற்ற விரல்கள் இடம் மாறாது. கார்டு மாறும் இடத்தில் கை நின்றால் வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். நின்று நின்று பழகினால் அந்த இடைவெளியும் சேர்ந்தே மனப்பாடமாகிவிடும்.

ஆறு எண்ணிக்கை தடையில்லாமல் வந்தபின் எட்டுக்குப் போகலாம். சி கார்டைப் பிடித்து, 'தகதிமி தகஜணு' சொல்லி 5-2-4-3, 5-2-4-3. த, தி, த, ஜ நான்கிலும் கட்டைவிரல் விழும். இடையில் 2 நடுவிரலுக்கு, 3 ஆள்காட்டிக்கு. கட்டைவிரலை மட்டும் தனியே ஐந்து நிமிடம் 5-4-5-4 ஓட்டிவிட்டு மற்றதைச் சேர்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

வலது கை நகம் சதைக்கு மேல் 1 முதல் 2 மில்லிமீட்டர் போதும். இடது கையில் ஒட்ட வெட்டிவிடுங்கள். இரும்புக் கம்பியில் விரல் மிகவும் வலித்தால் 10 அளவு மெல்லிய கம்பி செட் வாங்குங்கள். வாசிக்குமுன் கை கழுவுங்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெய் கம்பியில் ஏறினால் ஓசை மழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும், அழுத்தக் கடினமாகும். அந்த நாட்களில் ஓதம் ஏறிய சுவரில் சாய்த்து வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பைக்குள் வையுங்கள். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடையுங்கள்.