கைவிடப்பட்ட பால்மரக்காட்டை வனமாக்கும் முறை

கோலாலம்பூரைச் சுற்றி, உலு லங்காட், ரவாங் போன்ற பகுதிகளில், பால் வெட்ட ஆளின்றிப் புதர் மண்டிக் கிடக்கும் சிறு ரப்பர் தோட்டங்களைக் காணலாம். அவற்றைக் காட்டுயிர்களுக்கு உரிய இடமாக மாற்ற விரும்புவோர், எந்தக் கன்றை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், அங்கே தானாக முளைத்து வருவது எது, அதைத் தடுப்பது எது என்பதை ஒரு மழைக்காலம் முழுவதும் கவனிக்க வேண்டும். விவசாயப் பிரிவைச் சேர்ந்த நிலமாயின், பயிரிடாமல் விடுவது பட்டா நிபந்தனைக்கு முரணாகுமா என்பதை நில அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

பெரும்பாலும் முதல் தடை லாலான் புல்தான். அதை வெட்டினால் மண்ணடியில் உள்ள கிழங்குத்தண்டிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பும். எரித்தாலோ கன்றுகள் கருகிப்போக, புல் மட்டும் முன்னைவிடச் செழித்து எழும். ஆகையால் ஒரு பலகையின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, அதைப் புல்லின் மீது வைத்துக் காலால் மிதித்து, தாள்கள் மடிந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி செய்ய வேண்டும். சாய்ந்த புல் தன் அடிப்பகுதிக்கே வெளிச்சத்தை மறைத்துக்கொள்வதால் மெல்ல நலிகிறது. மிதிப்பதற்கு முன், புல்லுக்குள் ஒளிந்திருக்கும் இயற்கைக் கன்றுகளைத் தேடி ஒவ்வொன்றின் அருகிலும் குச்சி நட்டு வையுங்கள். பொறுமை தேவைப்படும் இந்த வேலையே மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும்.

அக்கன்றுகளில் மகாங் என்னும் மரம் இருந்தால் நல்ல அறிகுறி. சில மகாங் வகைகளின் உள்ளீடற்ற தண்டில் சிற்றெறும்புகள் குடியிருந்து, மரம் தரும் வெண்ணிறத் துணுக்குகளை உண்டு, இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன. சீக்கிரம் வளர்ந்து நிழல் பரப்பும் இம்மரத்தின் கனிகளுக்காகக் கொண்டைக்குருவிகள் வரும். அவற்றின் எச்சத்தோடு வேறு மரங்களின் விதைகளும் வந்து விழும்.

பழைய ரப்பர் மரங்களை ஒரேயடியாகச் சாய்க்க வேண்டாம். பிரேசிலிலிருந்து வந்த மரமாயினும், அதன் நிழல் இளங்கன்றுகளுக்குப் பயன்படும். தரையில் முளைக்கும் ரப்பர் நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, முதிர்ந்த மரங்களை ஆண்டுதோறும் சிலவாகக் குறைத்தால் போதும். மரங்களை மூடிப் படரும் மிக்கானியா கொடியையும் ஆஸ்திரேலிய அக்கேசியாவையும் மட்டும் விட்டுவைக்கலாகாது.

மெராந்தி, கபூர், கெருயிங் போன்ற பெருமரங்கள் தாமாக வந்து சேர்வது அரிது. அவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெருமளவில் காய்க்கின்றன. விதைகள் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் செல்வதில்லை, சில வாரங்களில் முளைப்புத்திறனையும் இழந்துவிடுகின்றன. எனவே இவற்றை நாம்தான் நட வேண்டும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடு, 1920களில் வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களும் காய்கறித் தோட்டங்களுமாக இருந்த நிலத்தில் இவ்வாறு நட்டு வளர்க்கப்பட்டதே. 2025இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மகாங் நிழல் ஓரளவு கவிந்த பிறகு, அக்டோபர், நவம்பர் மாத மழையில் கன்றுகளை நடுங்கள். வேரோடு கூட்டுவாழும் பூஞ்சைகள் கிடைப்பதற்காக, அதற்கு முன் கன்றுகள் நாற்றுமேடையில் இருக்கும்போதே அதே இனத் தாய்மரத்தடி மண்ணை ஒரு பிடி கலந்துவிடுங்கள். முதல் சில ஆண்டுகளுக்குக் கன்றைச் சுற்றிக் கொடியும் புல்லும் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், வறண்ட மாதங்களில் நில எல்லையோரம் தீத்தடுப்புப் பாதையைச் சுத்தமாக வைத்திருப்பதும் தவறக் கூடாது.