நாற்பத்தைந்து குதிரைத்திறன் போதும்

கார் பந்தய வீடியோ கேமில் வேகமான காரை எடுத்து ஜெயிப்பதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. செல்லூரில் எங்கள் மாடியறையில், அப்பாவின் பழைய தையல் மேசையில் ஸ்டீயரிங்கைப் பூட்டி நான் ஓட்டுவது 1965இல் வந்த டொயோட்டா ஸ்போர்ட்ஸ் 800. 790 சிசி, 45 குதிரைத்திறன், 580 கிலோ எடை. நேர்ச்சாலையில் எல்லோரும் முந்துவார்கள். முந்தட்டும்.

பெட்ரோல் செலவும் டயர் தேய்மானமும் அதிகமாக வைக்கப்பட்ட நீண்ட போட்டியையே தேர்ந்தெடுங்கள். 1966இல் ஜப்பானில் நிஜமாகவே நடந்த சுசுகா 500 கிலோமீட்டர் பந்தயத்தில் இந்தக் கார் முதலிரண்டு இடங்களையும் பிடித்தது, பெட்ரோல் போட நிற்காமலேயே!

அப்பாவின் மொபெட்டில் சொட்டுப் பெட்ரோலுடன் மேலூர் போய்வந்த பழக்கம் எனக்கு இங்கே கைகொடுக்கிறது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள்ளைச் சிவப்புக் கோடு வரை முறுக்காமல் முன்கூட்டியே கியரை மாற்றுங்கள். வளைவு வருமுன் ஆக்சிலரேட்டரை விட்டு உருளவிடுங்கள். பிரேக்கை மெல்லத் தொட்டால் போதும். ஆனால் வளைவுக்குள் வேகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். தொலைத்ததை மீட்க இந்த எஞ்சினுக்கு ஒரு யுகம் ஆகும். முந்திப்போகிறவனின் முதுகில் ஒட்டிக்கொண்டால் காற்றுத்தடை குறையும், பெட்ரோலும் மிஞ்சும். அவன் பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் பிட் நிறுத்தத்துக்குள் நுழையும்போது நீங்கள் சுற்றிக்கொண்டே இருங்கள்.

பிறகு, மின்வெட்டைத் தாங்க ஒரு யுபிஎஸ். முதன்முறை நான் முன்னிலைக்கு வந்தபோது இரண்டே சுற்று பாக்கி, மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ்ஸில் டிவியையும் சேர்த்து இணையுங்கள். இரண்டாம் முறை நான் அதை மறந்திருந்தேன்.