சேப்பாக்கத்துல டெஸ்ட் மேட்ச் பாக்கப் போறீங்களா, ஒரு கணக்கு நோட்டு எடுத்துக்கோங்க

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "அண்ணா, ஐபிஎல்னா புரியுது, டெஸ்ட் மேட்ச்ல காலைல 9:30-லேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து என்னதான் பாப்பீங்க?"ன்னு. அவன்கிட்ட டீக்கடைல நின்னு அரை மணி நேரம் சொன்னதத்தான் இங்க எழுதறேன். ஏன்னா முதல் தடவை போறவங்க நிறைய பேர் லஞ்ச்சுக்கு முன்னாடியே போனை எடுத்துடறாங்க, மதியத்துக்கு மேல கிளம்பிடறாங்க, அப்பறம் போர் அடிச்சுதுன்னு சொல்றாங்க. எப்படி பாக்கணும்னு யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்திருந்தா அவங்க கிளம்பியிருக்க மாட்டாங்க. எனக்கு என் மாமா சொல்லிக் கொடுத்தாரு.

முதல்ல எந்த நாளுக்குப் போறதுன்னு பாப்போம். அஞ்சு நாளும் லீவு கிடைக்கிறவங்க புண்ணியம் பண்ணவங்க. ஒரே ஒரு நாள்தான் முடியும்னா என் ஓட்டு மூணாவது நாளுக்கு. ரெண்டு டீமும் ஒரு தடவையாவது பேட்டிங் இறங்கியிருப்பாங்க, பிட்ச் லேசா உடைய ஆரம்பிச்சிருக்கும், ஸ்பின்னர் கைக்கு வேலை வந்திருக்கும். நாலாவது அஞ்சாவது நாளை நம்பி டிக்கெட் போட்டா மேட்ச் சீக்கிரமே முடிஞ்சிடலாம், 2024 செப்டம்பர்ல பங்களாதேஷ் மேட்ச் நாலாவது நாள் லஞ்ச்சுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு. அதுக்காக முதல் நாள் சும்மான்னு நினைக்காதீங்க, அதே மேட்ச்ல முதல் நாள் 144க்கு ஆறு விக்கெட் போனப்பறம் அஸ்வினும் ஜடேஜாவும் நின்னு ஆடுன ஆட்டத்தை நேர்ல பாத்தவன் நான், அஸ்வின் சொந்த ஊர்ல, சொந்த கிரவுண்ட்ல செஞ்சுரி அடிச்சப்போ பக்கத்து சீட் பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

போறதுக்கு பறக்கும் ரயில்தான் பெஸ்ட். சேப்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்குனா ஸ்டேடியம் கண்ணு முன்னாடி. மெட்ரோல வர்றவங்க அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி வாலாஜா ரோட்டுல நடந்துடலாம். வண்டி எடுத்துட்டு வந்தா பார்க்கிங் தேடியே முதல் அரை மணி நேர ஆட்டம் போயிடும், அந்த அரை மணி நேரம்தான் புது பால் அசையற நேரம். 9:15க்கெல்லாம் சீட்ல இருக்கணும்.

பை, தண்ணி பாட்டில், பவர் பேங்க் இதெல்லாம் கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க, திருப்பி வாங்கறது பெரும்பாடு, அதனால டிக்கெட்ல என்னென்ன கூடாதுன்னு போட்டிருக்கோ அத முந்தின நாளே படிச்சிடுங்க. தொப்பி, காட்டன் சட்டை, ஒரு சின்ன துண்டு, ஸ்கோர் எழுத பாக்கெட்ல மடிச்சு வெக்கிற மாதிரி மெலிசான கணக்கு நோட்டு, பென்சில், அவ்ளோதான். காலைல நல்லா சாப்ட்டுட்டு வாங்க. தண்ணி விஷயத்துல மட்டும் அலட்சியம் வேணாம், தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். 1986ல இதே கிரவுண்ட்ல ஆஸ்திரேலியாவோட டீன் ஜோன்ஸ் 210 அடிச்சாரு, நடுவுல வாந்தி எடுத்துக்கிட்டே ஆடி கடைசில ஆஸ்பத்திரில சலைன் ஏத்துற அளவுக்குப் போச்சு. நாம உக்காந்துதான் இருக்கோம், ஆனா வெயில் அதே வெயில்தான். (அந்த மேட்ச் டையில, அதாவது ரெண்டு டீமும் சமமான ரன்ல முடிஞ்சது, டெஸ்ட் சரித்திரத்துலயே ரெண்டாவது டை, இந்தியா 348 அடிக்கணும், 347ல கடைசி ஓவரோட அஞ்சாவது பால்ல நம்ம கடைசி பேட்ஸ்மேன் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ அவுட். மாமா அன்னைக்கு அங்க இருந்தாரு. அவர் அன்னைக்கு ஸ்கோர் எழுதுன நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.)

சீட் பத்தி ரெண்டே வார்த்தை. பட்டாபிராமன் கேட் எண்ட், அண்ணா பெவிலியன் எண்ட், இந்த ரெண்டு பக்கத்துல இருந்துதான் பவுலிங் போடுவாங்க. அதுக்குப் பின்னாடி உக்காந்தா பால் எவ்ளோ திரும்புதுன்னு தெரியும். பக்கவாட்டுல உக்காந்தா திரும்பறது தெரியாது, ஆனா பால் எங்க குத்துது, பேட்ஸ்மேன் கால் முன்னாடி போகுதா பின்னாடி போகுதா, கீப்பர் எவ்ளோ தூரத்துல நிக்கறாருன்னு தெளிவா தெரியும். நான் எப்பவும் காலைல பக்கவாட்டுதான் நல்லதுன்னு சொல்லுவேன், வேகப்பந்து வீசறவங்களை அங்கேர்ந்துதான் பாக்கணும். பழைய ஸ்டேடியத்துல தூண் மறைக்கும், 2011ல புதுப்பிச்சப்பறம் அந்தத் தொல்லை இல்ல, ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டு கட்டுனதால கடல் காத்தும் உள்ள வருது.

இப்போ நோட்டுக்கு வருவோம், இதுதான் முக்கியம். கட்டம் போட்ட கணக்கு நோட்டா வாங்கிக்கோங்க. இடது பக்கம் பேட்ஸ்மேன் பேர் வரிசையா, ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா அவர் அடிக்கிற ரன். வலது பக்கம் பவுலர் பேர், அவர் போடற ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள மேல மூணு கீழ மூணுன்னு ஆறு பால். ரன் இல்லன்னா ஒரு புள்ளி. ரன் அடிச்சா அந்த நம்பர். விக்கெட்னா டபிள்யூ. வைடுக்கு கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம், பேட்லயும் உடம்புலயும் படாம போன பால்ல ஓடி எடுக்கற 'பை' ரன்னுக்கு ஒரு முக்கோணம், உடம்புல பட்டு ஓடற 'லெக் பை'க்கு அதே முக்கோணம் தலைகீழா. ஆறும் புள்ளியாவே வந்துடுச்சுன்னா அது மெய்டன், அந்த ஆறு புள்ளியையும் பென்சிலால கோடு போட்டு சேத்து எம் எழுத்து மாதிரி ஆக்கிடுவோம். விக்கெட் விழுந்த மெய்டன்னா எம்முக்குப் பதிலா டபிள்யூ.

கேக்க சின்ன வேலையா இருக்கும். ஆனா அஞ்சு புள்ளி வெச்சுட்டு ஆறாவது பாலுக்கு பென்சிலைத் தூக்கிக்கிட்டு காத்திருக்கும்போது உங்களுக்கே தெரியாம நீங்க அந்த பவுலர் கூட ஓடி வர ஆரம்பிச்சிருப்பீங்க. புள்ளி ஏற ஏற பேட்ஸ்மேன் மேல பாரம் ஏறறது அந்தப் பக்கத்துலயே தெரியும். வரிசையா மூணு மெய்டன், அடுத்த ஓவர்ல ஒரு அவசர ஷாட், கேட்ச். டிவில பாக்கறவனுக்கு அது மோசமான ஷாட். நோட்டு வெச்சிருக்கறவனுக்கு அந்த விக்கெட் மூணு ஓவருக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரியும். விழுந்த விக்கெட் வேற ஒருத்தர் பேர்ல போகும், ஆனா ரன் விடாம அந்த புள்ளிகளை வர வெச்ச பவுலர் எதிர் எண்ட்ல நிப்பாரு. எனக்கு டெஸ்ட் மேட்ச் பிடிச்சுப் போனது இந்த ஒரு விஷயத்தாலதான்.

1999 ஜனவரி 31, ஞாயித்துக்கிழமை, பாகிஸ்தான் மேட்ச். நான் ஸ்கூல் பையன், மாமா பென்சிலை என் கைல கொடுத்து "இன்னைக்கு நீ எழுதுடா"ன்னாரு. இந்தியா 271 அடிக்கணும். சச்சின் முதுகு வலியோட நின்னு ஆடிக்கிட்டிருந்தாரு, நயன் மோங்கியா கூட நின்னாரு, மதியத்துக்கு மேல ஜெயிச்சிடுவோம்னு ஊரே நினைச்சிடுச்சு. 136ல அவங்க ஸ்பின்னர் சக்லைன் பால்ல சச்சின் தூக்கி அடிச்சது மேல போச்சு, கீழ அவங்க கேப்டன் வசீம் அக்ரம், கேட்ச். 254க்கு ஏழு. அப்பறம் 258க்கு ஆல் அவுட், 12 ரன்ல தோத்துட்டோம். நான் பென்சிலைப் போட்டுட்டு அழுதுட்டேன். சுத்தி ஒரு சத்தமும் இல்ல கொஞ்ச நேரம். அப்பறம் யாரோ கை தட்ட ஆரம்பிச்சாங்க, ஸ்டாண்ட் ஸ்டாண்டா எல்லாரும் எழுந்து நின்னாங்க, பாகிஸ்தான் பிளேயர்ஸ் கிரவுண்டை சுத்தி வந்தாங்க. மாமா என்னை எழுப்பி நிக்க வெச்சு "தட்டுடா, நல்லா ஆடியிருக்காங்க"ன்னாரு. அந்தப் பக்கத்துல கடைசி விக்கெட்டை மாமாதான் எழுதுனாரு, கையெழுத்து மாறியிருக்கும். அதனால உங்க வீட்டுப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனா அடுத்த டீம் நல்லா ஆடும்போதும் கை தட்டச் சொல்லிக் கொடுங்க, சேப்பாக்கத்துல அது வழக்கம்.

லஞ்ச் 11:30க்கு, 40 நிமிஷம். கியூவ தவிர்க்கணும்னா ரெண்டு ஓவர் முன்னாடியே போகச் சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன், லஞ்ச்சுக்கு முந்தின ரெண்டு ஓவர்லதான் பேட்ஸ்மேன் மனசு சாப்பாட்டுக்குப் போயிடும், விக்கெட் விழும்.

லஞ்ச்சுக்கு அப்பறம் ஒரு மணி நேரம்தான் கஷ்டமான நேரம், வெயில் உச்சில இருக்கும், தூக்கம் வரும். அப்போ பாலைப் பாக்கறத விட்டுட்டு ஒரே ஒரு ஃபீல்டரை எடுத்துக்கோங்க. ஷார்ட் லெக்ல, அதாவது பேட்ஸ்மேனுக்கு ரொம்ப பக்கத்துல நிக்கறவர் ஒவ்வொரு பாலுக்கும் எப்படி குனிஞ்சு எழறாருன்னு பத்து ஓவர் பாருங்க, எவ்ளோ உடம்பு உழைப்புன்னு புரியும். கேப்டன் ஓவருக்கு நடுவுல யாரை ரெண்டடி நகத்தறாருன்னு பாருங்க. மதியம் கடல் காத்து எழும்பும், சட்டை படபடன்னு அடிச்சுக்கும், அப்போ ஸ்பின்னர் எந்த எண்ட்ல இருந்து போடறாருன்னு கவனிங்க, காத்துல பால் நகர்றது அழகா இருக்கும். 1988ல நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட் எடுத்தது இந்த கிரவுண்ட்லதான். 80 ஓவர் ஆனதும் புது பால் எடுக்கலாம், அத எடுக்கறாங்களா, ஸ்பின்னையே தொடர்றாங்களான்னு பக்கத்து சீட்காரர் கூட விவாதம் பண்ணுங்க. சேப்பாக்கத்துல தெரியாதவங்களோட பேசறதுக்கு இத விட நல்ல தலைப்பு கிடையாது, நான் அப்படிப் பழகுன ரெண்டு பேர் இன்னைக்கும் எங்க வீட்டு விசேஷத்துக்கு வர்றாங்க.

ஆட்டம் முடிஞ்சதும் கூட்டத்தோட முட்டி மோதி ஓடாதீங்க. பத்து நிமிஷம் உக்காந்துட்டு, அப்படியே நடந்து திருவல்லிக்கேணி போயிடுங்க. ரத்னா கஃபேல இட்லி முழுகற அளவுக்கு சாம்பார் ஊத்துவாங்க, நாள் பூரா வெயில்ல இருந்த உடம்புக்கு அது அப்படியே இறங்கும். பீச் பக்கம் போனீங்கன்னா தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்.

எங்க உக்காந்தாலும் நோட்டைத் திறந்து கணக்கு போட்டுடுங்க, மறுநாளுக்கு வெக்காதீங்க. பேட்ஸ்மேன் ரன் எல்லாம் கூட்டி எக்ஸ்ட்ராஸ் (வைடு, நோ பால், பை, லெக் பை) சேத்தா டோட்டல் வரணும், பவுலர்ஸ் கொடுத்த ரன்னோட பை, லெக் பை சேத்தாலும் அதே டோட்டல் வரணும். அந்த அஸ்வின் செஞ்சுரி நாள்ல போர்டுல 339க்கு ஆறு. எனக்கு பவுலர் பக்கம் சரியா வந்துச்சு, பேட்ஸ்மேன் பக்கம் 338தான். இட்லி ஆறிப் போச்சு, விடல, ஒவ்வொரு ஓவரா விரல் வெச்சு தேடுனேன். டீக்காரர்கிட்ட சில்லறை வாங்கிட்டு இருந்தப்போ ஜடேஜா தட்டி ஓடுன ஒரு சிங்கிள், பவுலர் கட்டத்துல எழுதிட்டு அவர் பேருக்கு நேரா எழுத மறந்திருக்கேன். எழுதிட்டு, இன்னொரு செட் இட்லி சொன்னேன்.