ஓபல் கல்லை வெட்டக் கொடுக்கும் முன்

சுக்கிரனுக்கு வைரம் நமக்குக் கட்டுப்படியாகாது, ஓபல் போட்டுக்கொள் என்று ஜோசியர் சொன்னதும் வெள்ளை ஓபல் ஒன்றை வெட்டாமல் அப்படியே வாங்கி, கெம்பு மாதிரி பட்டை பட்டையாகத் தீட்டிக் கொடுங்கள் என்று நானே கேட்டுத் தொலைத்தேன். திரும்பி வந்த கல்லில் மினுமினுப்பு இருந்தது, வர்ணத்தைத்தான் காணோம்.

வைரம் ஜொலிப்பது பட்டைகளால். ஓபல் அப்படியில்லை, அதன் உடம்புக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகளில் வெளிச்சம் பட்டுப் பிரிந்துதான் சிவப்பும் பச்சையும் வருகிறது. அதில் பட்டை போட்டால் வர்ணத் திட்டு துண்டு துண்டாகிவிடும். அதனால் மேலே வழவழவென்று உப்பலாக, அடியில் தட்டையாக வெட்டச் சொல்லுங்கள், கபோஷான் என்பார்கள். மெக்சிகோவின் நெருப்பு ஓபல் இதற்கு விதிவிலக்கு. ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் அதற்குப் பட்டை நன்றாகவே எடுக்கும்.

வெட்டுவதற்கு முன் முகம் எது என்று பார்க்க வேண்டும், பாதி வேலை இதுதான். லாங் பஜார் சந்தடியில், கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், ஆஸ்திரேலியக் கல்லாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, விரலிடுக்கில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் பச்சை மட்டும் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் திடீரென்று சிவப்பு எரியும். அந்தப் பக்கம்தான் மேலே வர வேண்டும், எடை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. எத்தியோப்பியக் கல்லை மட்டும் நனைக்காதீர்கள். அது தண்ணீரைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், காய்ந்து பழைய நிலைக்கு வரும்வரை வர்ணத்தைச் சரியாகப் பார்க்க முடியாது.

அப்புறம் உப்பல் எவ்வளவு? ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் ஊரில் கிடைக்கும் கறுப்பு ஓபலில் பெரும்பாலும் வர்ணப் படலம் மெல்லியது, அதிகம் உப்ப வைக்கப் பார்த்தால் ஓரங்களில் படலமே தேய்ந்து அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். வர்ணம் உள்ளே ஆழமாக ஓடும் கல்லுக்கு உயர்ந்த உப்பல் தாராளமாகத் தாங்கும். எல்லாவற்றையும் முட்டை வடிவத்துக்கு அடக்கவும் வேண்டாம். குயின்ஸ்லாந்து போல்டர் ஓபலில் இரும்புப் பாறையோடு சேர்ந்து வர்ணம் வளைந்து நெளிந்து போகும், அந்தப் போக்கிலேயே வெட்டுவதுதான் அழகு.

வைரத்துக்குப் பத்து கொடுக்கும் மோஸ் அளவில் ஓபலின் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான், உள்ளே தண்ணீரும் உண்டு. சாணையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சூடேறினால் விரிசல்தான். நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஜன்னலோரம் வைத்து மறந்துவிடாதீர்கள். மோதிரம் கட்டும்போது நாலு கொக்கியில் நிறுத்தாமல், விளிம்பைச் சுற்றி முழுக்கப் பிடிக்கும் கட்டாக ஆசாரியிடம் கேளுங்கள், கதவில் இடித்தாலும் கல்லில் அடி விழுவது குறையும்.