பழைய ஆம்ப்ளிஃபயரில் எம்பி3 பிளேயரை இணைக்கும் முறை

1970களிலும் 80களிலும் வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வீட்டில் இருந்தால், ஐபாடையோ எம்பி3 பிளேயரையோ அதில் இணைத்துப் பாட்டுக் கேட்க ஒரே ஒரு ஒயர் போதும். அதன் ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்களும் (நடுவில் ஒரு முள்ளும் சுற்றிலும் உலோக வளையமும் கொண்டவை) இருக்க வேண்டும். சிவப்பு வலப்பக்கத்துக்கு, வெள்ளை இடப்பக்கத்துக்கு. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே ஒயரைச் செருகுங்கள்.

எந்தத் துளையில் செருகுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ஃபோனோ’ என்று எழுதியிருக்கும் துளைகள் காலியாக இருந்தாலும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அவை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டுமே உரியவை. இசைத்தட்டு ஊசியிலிருந்து கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்குவதோடு, தட்டில் பதிக்கும்போது குறைக்கப்பட்ட அடித்தொனியை உயர்த்தி, கூட்டப்பட்ட உச்சத்தொனியைத் தணிக்கும் சுற்று ஒன்றும் அந்தத் துளைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தோ அரை வோல்ட், சிலவற்றில் ஒரு வோல்ட்கூட வரும். அது இந்தச் சுற்றுக்குள் புகுந்தால் பாடகரின் குரல் கரகரத்து, அடித்தொனி மட்டும் குமுறிக்கொண்டு வரும்.

ஆகவே ‘ஆக்ஸ்’, ‘டியூனர்’, ‘டேப் இன்’ ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டேப் துளைகளில் ‘அவுட்’ அல்லது ‘ரெக்’ என்றிருப்பவை ஒலியை வெளியே அனுப்புபவை. அவற்றில் செருகினால் பாட்டு வராது. ‘டேப் இன்’ வழியாகக் கேட்க, முன்பக்கத்தில் ‘டேப் மானிட்டர்’ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்த வேண்டும். பழைய ஐரோப்பிய ஆம்ப்ளிஃபயர்களில் ஆர்சிஏ துளைகளுக்குப் பதிலாக ஐந்து முள் கொண்ட வட்டமான ‘டின்’ (DIN) வகைச் சாக்கெட் இருக்கலாம். அதற்குரிய மாற்று ஒயர் தனியாகக் கிடைக்கிறது.

பிளேயரில் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்து, அதன் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, அதன்பின் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரியான முறை. பிளேயரைத் தாழ்த்தி ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திறந்தால் பின்னணி இரைச்சல்தான் கூடும். பாட்டின் உரத்த இடத்தில் ஒலி சிதைந்தால் பிளேயரில் சற்றுக் குறையுங்கள்.

சார்ஜரில் போட்டபடி கேட்கும்போது ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அப்போதே நின்றுவிடும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு வந்தால் அது பிளேயரின் குற்றமன்று, குமிழுக்குள் சேர்ந்த தூசு. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயான கான்டாக்ட் கிளீனரைக் குமிழுக்குள் சிறிதளவு அடித்துக் குமிழை இருபக்கமும் பலமுறை திருப்பி, நன்றாக உலரவிட்ட பிறகே மீண்டும் இயக்குங்கள்.